ஒன்றரை அடி உயரத்தில் ஒரு ஜன்னல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இருக்கிறேனா என்பது எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும் என்று சந்தேகப்படுகிறேன். போனில் கேட்டால், “சைட்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்” என்பாய். அந்த அப்புறம் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டு பேசுகிற குரலாக இருக்கும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்த கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. உனக்குத் தெரியாமல் போன வாரம் ஒரு வேலை செய்திருக்கிறேன். அதை நீ மேஸ்திரி வாயால் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

முதலில் என் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். கூனிமேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குத் தலைசுற்றி, ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன் அல்லவா? அதைக் கேள்விப்பட்டு மறுநாளே ஓடிவந்து என்னைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். அந்த டாக்டர் என்னைச் சோதித்து முடித்ததும், “நீங்க வெளியே உக்காருங்கம்மா” என்றார். கதவில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அது வழியாகப் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். நீ இரண்டு தரம் தலையாட்டினாய், ஒரு தரம் நெற்றியைத் தேய்த்தாய். வெளியே வந்து, “ஒன்னும் இல்லம்மா, பிரஷர் மாத்திரை மாத்திக் குடுத்திருக்காரு” என்றாய். ஒன்றும் இல்லாததைச் சொல்லவா அவ்வளவு நேரம் ஆகும்? நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து வழியெல்லாம் வேடிக்கை காட்டிக்கொண்டு வந்தாய். உனக்கு அவ்வளவு பேச வராதே, இன்றைக்கு என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. நான் காப்பி கொண்டுவந்தபோது நீ என் கட்டிலில் படுத்திருந்தாய். மல்லாக்கப் படுத்துப் பார்த்தாய், பிறகு ஒருக்களித்துப் படுத்தாய். என் தலையணையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாய். பையிலிருந்து டேப்பை எடுத்து, தரையிலிருந்து உன் கண் வரைக்கும் அளந்தாய். “அம்மா, இப்ப நீ படு” என்றாய். படுத்தேன். என்னையும் அளந்தாய், போனில் குறித்துக்கொண்டாய். “எதுக்குடா இது?” என்று கேட்டதற்கு, “புது வீட்டுக்குத்தாம்மா” என்று சிரித்தாய். தம்பி, நம் தெருவில் படுத்திருக்கிறவரை டேப் வைத்து அளக்கிறவர் ஒரே ஒரு ஆள்தான். கோயில் தெரு ஆசாரி. அவர் எதற்கு அளக்கிறார் என்று பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். உங்கப்பாவை அவர் சவப்பெட்டிக்கு அளந்தபோது நான் தலைமாட்டில்தான் நின்றேன். அந்த டேப் பின்னால் சுருண்டு ஓடும்போது வருகிற சத்தம் எனக்கு மறக்காது. நீயும் அதே சத்தத்தை என் முகத்துக்கு நேராக எழுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் காப்பி குடித்தாய்.

அதன்பிறகு வீட்டை இடித்தார்கள். இடிக்க வந்தவர்களிடம் நீ, கூரையைக்கூடப் பிறகு பார்க்கலாம், முதலில் மேற்குப் பக்க ரூமில் அடைத்துக்கிடந்த அந்த ஜன்னலை உடையுங்கள் என்றாய். உடைக்கிறவரைக்கும் வெயிலில் நின்று பார்த்தாய். “என்னடா, புதையல் வெச்சிருக்கியா?” என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை. அதையும் மனதில் போட்டு வைத்துக்கொண்டேன். நான் கொல்லையில் தகரக் கொட்டகைக்குக் குடிவந்தேன், நீ சென்னைக்குப் போனாய், வீடு மேலே எழும்ப ஆரம்பித்தது. கிளியனூர் ஏழுமலை மேஸ்திரிதான் நீ வரைந்து அனுப்பிய வீட்டுப் படத்தைப் போனில் விரித்து வைத்துக்கொண்டு கட்டினார். ஒருநாள் அவர் மேற்குச் சுவரைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“ஏம்மா, சார் அளவு தப்பாப் போட்டுட்டாரா? ஜன்னல் அடிமட்டம் ஒன்றரை அடின்னு இருக்குது. எல்லா வூட்டுக்கும் மூணடிதான வெப்போம்?”

“போன் போட்டுக் கேளு.”

கேட்டார். உன் குரல் எனக்குக் கேட்கவில்லை, அவர் முகம்தான் தெரிந்தது. போனை வைத்துவிட்டுச் சொன்னார், “அளவு சரிதானாம்மா. கட்டில்ல படுத்துக்கிட்டே வெளிய பாக்கணுமாம். உங்க கண்ணு மட்டத்துக்குப் போட்டதாம்.”

உட்கார்ந்து பார்க்க அல்ல, நின்று பார்க்க அல்ல, படுத்துப் பார்க்க ஒரு ஜன்னல். டாக்டர் என்ன சொன்னார், நீ ஏன் என்னை அளந்தாய், எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. என் பிள்ளை எனக்கு வீடு கட்டவில்லை, நான் விழப்போகிற படுக்கைக்கு ரூம் கட்டுகிறான் என்று முடிவு செய்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

அது மட்டும் இல்லை. அந்த ஜன்னலை நீ வைத்த திசையும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கரையில் உப்பளத்துப் பக்கம் யாராவது ஜன்னல் வைப்பார்களா? நம் தெருவில் போய்ப் பார். எல்லா வீடும் உப்பளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். வைத்தாலும் மேலே, சின்னதாக, காற்றுக்கு ஒன்று வைப்பார்கள். உப்புக்காற்றுக்குக் கம்பி உதிர்ந்துவிடும் என்பார்கள், கண் கூசும் என்பார்கள். அதெல்லாம் வெளியே சொல்கிற காரணம். இருட்டோடு எழுந்து போய், வெயில் ஏறுகிறவரைக்கும் அந்த வெள்ளையிலேயே நின்று, தலையில் கூடை கூடையாக உப்பு சுமந்து கரையில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு, வீட்டிலாவது அது கண்ணில் படக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். என் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்தாகிவிட்டது. உப்பைப் பார்த்துப் பார்த்துக் கெட்ட கண்ணுக்கு உப்பையே காட்ட ஒரு ஜன்னலா?

உங்கள் சென்னை ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஈ.சி.ஆர். ரோட்டில் காரை நிறுத்திவிட்டு உப்புக் குவியலைப் படம் எடுப்பார்கள். ஒரு பெண் என்னிடமே வந்து, “ஆன்ட்டி, அந்தக் கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு நில்லுங்க, சூப்பரா இருக்கும்” என்றாள். வெறும் கூடையை வைத்துக்கொண்டு நின்றேன். “கொஞ்சம் சிரிங்க” என்றாள். அன்றிலிருந்து, உப்பளத்தைப் பார்த்து அழகு என்று யார் சொன்னாலும் அவரை ஒரு கண் வைத்துத்தான் பார்ப்பேன். நீ சொன்னபோதும் அப்படித்தான் பார்த்தேன். வீட்டைக் கட்டி, என்னை இரண்டு வருஷம் உட்காரவைத்துவிட்டு, பிறகு வருகிற போகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறாயோ என்றுகூட நினைத்தேன். பெற்றவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதே. நினைத்தேன், எழுதுகிறேன்.

உன் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீ ஆஸ்பத்திரி வரைகிறாய், பள்ளிக்கூடம் வரைகிறாய். எதை வரைந்தாலும் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பாய் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாக் கட்டிலுக்கும் ஜன்னல் தெரிய வேண்டும் என்று கட்டிலை எல்லாம் கோணலாகத் திருப்பிப் போட்டு, அவர்களோடு நீ சண்டை போட்ட கதையும் தெரியும். எனக்கே பாடம் எடுத்தாயே, “தரை தெரியணும், நடுவுல நடக்கிறது தெரியணும், மேல வானம் தெரியணும். மூணும் சேர்ந்தாத்தாம்மா அது ஜன்னல். வானம் மட்டும் தெரிஞ்சா அது வெறும் ஓட்டை” என்று. வானம் மட்டும் தெரிகிற ஜன்னல் மேல் உனக்கு அப்படி என்ன கோபம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. படித்த பேச்சு என்று விட்டுவிட்டேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஏழுமலையைக் கூப்பிட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழே இன்னும் ஒன்றரை அடி செங்கல் வைத்து ஊர் மட்டத்துக்கு ஏற்றிவிடச் சொன்னேன். அவர் தயங்கினார்.

“சார் கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?”

“ஈரம் ஏறுதுன்னு சொல்லு. பாம்பு வருதுன்னு சொல்லு. பேரப்புள்ளை ஏறி வுழுந்துடும்னு சொல்லு. ஏதோ ஒன்னு சொல்லு.”

“போட்டோ அனுப்பச் சொல்வாரே?”

“கிழக்குப் பக்கம் எடுத்து அனுப்பு.”

அந்த வாரம் உனக்கு வந்த படம் எல்லாம் கிழக்குச் சுவராகவே இருந்ததே, அதற்குக் காரணம் நான்தான். ஏழுமலை மேல் கோபப்படாதே. நான் படுக்கையில் விழுகிற நாளை நீ தேதி குறித்து வைத்திருந்தால், அந்தத் தேதியை நான் செங்கல் வைத்து அடைக்கிறேன் என்ற ஆங்காரம் எனக்கு. மூன்று வரிசை செங்கல் ஏறியிருக்கும். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“மறுபடியும் அடைக்கிறியா?”

லூர்து. பக்கத்து வீட்டு லூர்து. உன் எட்டாம் வகுப்பு வருஷத்திலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும். சர்ச்சில் பூசைக்குப் போனால் அவள் இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் வலப்பக்கம் உட்காருவேன். உங்கப்பா செத்த அன்று அவள் வந்து ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனாள், அப்போதும் பேசவில்லை. நீ மட்டும் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பேக்கரி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போவாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாய். பார்த்தேன். என் பிள்ளைக்கு அவள் என்ன ஓதுகிறாளோ என்று ஒவ்வொரு தரமும் வயிறு எரியும். இவ்வளவு வருஷம் கழித்து அவள் வாயைத் திறந்து கேட்ட கேள்வி அதுதான், மறுபடியும் அடைக்கிறியா என்று.

இந்த இடத்தில் பழைய கதையைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்துக் கதை உனக்குத் தெரியாது. உப்பு லாரி மேலிருந்து குதித்துத் தொடை எலும்பை உடைத்துக்கொண்டாய். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. எழுந்து உட்காரக்கூட முடியாது. மேற்குப் பக்க ரூமில் கட்டிலைப் போட்டு உன்னைக் கிடத்தினோம். நான் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, உங்கப்பாவும் போக வேண்டும். தலைமாட்டில் தண்ணீரும் ரொட்டியும் வைத்துவிட்டு இருட்டோடு போவேன், வெயில் ஏறியதும் ஓடி வருவேன். அந்தச் சமயத்தில்தான் என் தோடு ஒன்று காணாமல் போனது. வீடெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்ற எண்ணம் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. ஒருநாள் வேலை முடிந்து கரைமேல் நடந்து வருகிறேன். லூர்து அவள் கொல்லையில், துணி துவைக்கிற கல்மேல் ஏறி நின்றுகொண்டு நம் ஜன்னலைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டுகிறாள். தலைமேல் வைக்கிறாள், வாயருகே கொண்டுபோகிறாள், இரண்டு கையையும் மேலே தூக்குகிறாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். “எம் புள்ளைக்குச் செய்வினை வெக்கிறியாடி? யாருக்குச் சாடை காட்டறே?” என்று தெருவே கூடும்படி கத்தினேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள், நான் கேட்கவில்லை. உள்ளே வந்தேன். நீ, “அம்மா, அத்தை எனக்கு...” என்று ஆரம்பித்தாய். “நீ சும்மா இரு” என்றேன். அன்று சாயங்காலமே உங்கப்பாவிடம் அந்த ஜன்னலை அடைக்கச் சொன்னேன். அவருக்கு மனசே இல்லை.

“புள்ளை படுத்திருக்கிற ரூம்டி. காத்து வேணாமா?”

“வாசல் வழியா வரட்டும்.”

அவர் அடைத்தார். நீ கட்டிலில் கிடந்து, ஒவ்வொரு செங்கலாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதன்பிறகு மாவுக்கட்டைப் பிரிக்க இருபத்திரண்டு நாள் ஆனது. அந்த இருபத்திரண்டு நாளும் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். நல்ல பிள்ளை, அடம் பிடிக்காமல் கிடக்கிறான் என்று நான் எல்லோரிடமும் பெருமை பேசினேன்.

இதெல்லாம் ஒரே மூச்சில் என் கண்முன் வந்து போனது, லூர்து வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படிக் கேட்டபோது. ஆனாலும் என் வாய் அடங்கவில்லை.

“அடைச்சா உனக்கு இன்னா? எம் புள்ளை உங்கிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்கான்? டாக்டர் இன்னா சொன்னாரு? மறைக்காம சொல்லு.”

“டாக்டர் கதை எனக்குத் தெரியாது. ஜன்னல் கதை தெரியும்.”

“அப்ப அதைச் சொல்லு.”

“இப்பவாச்சும் கேக்கிறியே” என்று அவள் வேலியோரம் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முட்டி வலி, நிற்க முடியவில்லை. “அந்த ஜன்னல் மூணடி ஒசரம். உம் புள்ளை படுத்த படுக்கை. அவனுக்கு வானத்தைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. உம் உப்புப் பாத்தி நேரா எதிர்லதான் இருந்துது. எங்கொல்லையிலேர்ந்து பாத்தா நீ நல்லாத் தெரிவே. அவனுக்குத் தெரியாது. ‘அத்தை, எங்கம்மா இருக்காங்களா பாருங்க’ன்னு கத்துவான். எவ்ளோ தடவைதான் திருப்பிக் கத்தறது? அதான் கல்லுமேல ஏறிக் கையைக் காட்டினேன். கையாவது தெரியட்டும்னு.”

“கையா?”

“தலைமேல கை வெச்சா, உங்கம்மா கூடை தூக்கறா. வாய்கிட்ட கொண்டுபோனா, தண்ணி குடிக்கிறா. இடுப்புல வெச்சா, கணக்குப்பிள்ளையோட சண்டை போடறா.” அவள் சிரித்துவிட்டாள். “அதுதான் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். ரெண்டு கையும் மேல தூக்கினா, அம்மா கெளம்பிட்டா, வர்றா. அதைப் பாத்த பொறவுதான் தண்ணியே குடிப்பான்.”

நான் சாந்துச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழுமலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏன் அப்பவே சொல்லல?”

“நீ கேட்டியா? வந்ததும் வராததுமா செய்வினைன்னே. நானும் ரோஷக்காரிதான்டி. போடின்னு வுட்டுட்டேன். அது என் தப்பு. போன மாசம் உம் புள்ளை வந்தப்போ நானே கேட்டேன், ஏம்பா இவ்ளோ கீழ ஜன்னல் வெக்கிறேன்னு. ‘எல்லாரும் ஒருநாள் படுப்பாங்க அத்தை. நானும் படுப்பேன். படுத்தா வானம் மட்டும் தெரியக் கூடாது, யார் வர்றாங்கன்னு தெரியணும்’னான். இதுதான் எனக்குத் தெரிஞ்ச கதை.”

தம்பி, அந்தத் தோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பாதிதான் சொன்னேன். உன் மாவுக்கட்டைப் பிரித்த அடுத்த மாதம் பழைய புடவை ஒன்றை உதறும்போது முந்தானை முடிச்சிலிருந்து அந்தத் தோடு விழுந்தது. நான்தான் முடிந்து வைத்து மறந்திருக்கிறேன். அப்போதே லூர்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்தச் செங்கலை அன்றைக்கே பெயர்த்திருக்க வேண்டும். போனால் என் மானம் போய்விடும் என்று, தோட்டைக் காதில் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். ஜன்னலும் அப்படியே இருந்துவிட்டது. நீ பத்தாவது படித்தாய், காலேஜ் போனாய், கல்யாணம் செய்துகொண்டாய். அந்த அடைத்த ஜன்னல் மேல் நாம் காலண்டர் மாட்டினோம். நீ ஒரு நாள்கூட என்னைக் கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவள் எல்லாவற்றையும் கவனிப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை ஏன் கட்டடம் வரையப் படித்தான் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

உனக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம்தான் இருக்கிறது. படித்தவனுக்கு நான் என்ன சொல்வது, இருந்தாலும் கேட்டுக்கொள். ஒன்று, படுத்திருக்கிற யாரையும் அளப்பதற்கு முன்னால் எதற்கு அளக்கிறாய் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு அள. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் சொல்லாமல் செய்கிற பழக்கம் உங்கப்பாவிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது. என்னைப் போன்றவளிடம் அது ஆகாது. நீ சொல்லாமல் விட்ட இடத்தை எல்லாம் நான் கெட்டதைப் போட்டு நிரப்பிக்கொள்வேன். இன்னொன்று, யாருக்கு ஜன்னல் வைத்தாலும், அந்தப் பக்கம் அவர் என்ன வேலை செய்தார், எதைப் பார்த்து அலுத்தார் என்று முதலில் கேள். எனக்கு உப்பைக் காட்டப் போகிறாய் என்றால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். அப்போதாவது நீ அந்த லாரிக் கதையை எடுத்திருப்பாய், நான் அழுதிருப்பேன், ஏழுமலைக்கு வீண் வேலை மிச்சமாகியிருக்கும்.

ஆம், அந்தச் செங்கலை இறக்கிவிட்டோம். மூன்று வரிசையையும் அவர் மறுநாளே பெயர்த்துவிட்டார். “ஒரே செவுத்தைக் கட்டி, ஏத்தி, இறக்கியாச்சு. இதுக்கு மேல சாமியாரைத்தான் கூப்பிடணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார். நீ படத்தில் போட்ட கோட்டுக்குச் சரியாக ஒன்றரை அடியில் நிற்கிறது. இந்தக் கடிதத்தோடு மேற்குச் சுவரின் படமும் வரும், நம்பாவிட்டால் டேப் வைத்து அளந்துகொள்.

அப்புறம் என் கட்டிலைக் கொட்டகையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அந்த ரூமில் போடச் சொன்னேன். பூச்சு வேலை முடியவில்லை, தரையெல்லாம் மண். ஏழுமலை சாப்பிடப் போயிருந்தார். நான் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். உன் பேச்சைச் சோதிக்கத்தான் படுத்தேன், வேறு எதற்கும் இல்லை. உச்சி வெயில் நேரம், கண் கூசும் என்று முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். கூசவில்லை. வெளியே நீ இழுத்து வைத்திருக்கிற சாய்ப்பு வெயிலைத் தடுத்துவிடுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். தரை தெரிந்தது, வேலியும் துணி துவைக்கிற கல்லும் தெரிந்தன. நடுவில் உப்பளம், கரை, ஈ.சி.ஆரிலிருந்து நம் தெருவுக்குப் பிரிகிற மண் பாதை. மேலே வானம். என் பழைய பாத்தி நேர் எதிரில் இருந்தது. அதில் இப்போது யாரும் இல்லை.

லூர்து அவள் கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். நான் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டாள். கல்மேல் ஏற முட்டி இடம் கொடுக்காது, ஏற வேண்டிய தேவையும் இல்லை, ஜன்னல் அவ்வளவு கீழே இருக்கிறது. என்ன செய்கிறாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கையைத் தலைமேல் வைத்தாள். பிறகு வாயருகே கொண்டுபோனாள். இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னை முறைத்தாள். கடைசியில் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அம்மா கிளம்பிவிட்டாள், வருகிறாள். என்னால் தாங்க முடியவில்லை, தம்பி. அந்த இருபத்திரண்டு நாளும் நான் அதே கரைமேல் ஓடி வந்துகொண்டுதான் இருந்தேன். நான் வருகிறேன் என்பது ஒரு நாள்கூட உனக்குத் தெரியாமல் போய்விட்டது. அம்மாவை மன்னித்துவிடு.

டாக்டர் சொன்னதாக நீ சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை வீடு மந்திரிக்கச் சாமியார் வருகிறார். அதற்கு முந்தின நாளே வந்து, என் கண்ணைப் பார்த்து அதைச் சொல். எதுவாக இருந்தாலும் சொல், நான் விழுந்துவிட மாட்டேன். எத்தனை மணிக்கு வருகிறாய் என்று மட்டும் போன் செய்யாதே. நான் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு மண் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கண் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீ ரோட்டில் இறங்கியதும் லூர்து கையைத் தூக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
அம்மா